ஒன்பது மாதப் பிள்ளையோடு பழனி நடை: பனிக்கால ஏற்பாடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தைப்பூசத்துக்கு ஏழு வாரம் இருக்கும்போது, காரைக்குடியில் எங்கள் தெருவிலுள்ள வளவு வீட்டு (நடுமுற்றம் வைத்த பெரிய வீடு) ஆச்சி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். முகப்பில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பி வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்: "நர்சம்மா, இவனைத் தூக்கிக்கிட்டுப் பழனிக்கு நடக்கணும். வேண்டுதல். வேண்டாம்னு சொல்லிடாதீங்க. எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

குழந்தைகள் வார்டில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் கைக்குழந்தையோடு நடப்பவர்களை ஒவ்வொரு தையிலும் குன்றக்குடிச் சாலையில் பார்க்கிறேன். துண்டால் மூடி, தோளில் சாய்த்து, விடியாத இருட்டில், லாரிகளை ஒட்டிப் போவார்கள். நான் மறுத்தால் இந்தக் குடும்பமும் அப்படித்தான் போயிருக்கும். அதனால் ஏழு வாரமும் எப்படிப் போவது என்பதையே யோசித்தோம். நானும் கூடவே போனேன். சரியாக அமைந்ததையும் தவறிப்போனதையும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன்.

பிள்ளையும் வேண்டுதலும்

பையன் 34 வாரத்திலேயே பிறந்தவன். பிறந்தபோது எடை 1 கிலோ 900. மூன்று வாரம் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தான். அந்த நாட்களில்தான் அவன் அப்பத்தாவான இந்த ஆச்சி வேண்டிக்கொண்டார்: பிள்ளை பிழைத்து வந்தால் முதல் முடியைப் பழனியில் இறக்குகிறேன், வண்டியில் அல்ல, நடையாகக் கொண்டுபோய். செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தினர் சர்க்கரைக் காவடியோடு பழனிக்கு நடப்பது 400 ஆண்டுகளுக்கு மேலான வழக்கம் என்று சொல்வார்கள். அந்த வீட்டில் ஐயா காவடி எடுத்துப் பல வருடம் நடந்தவர். ஆகவே இதைச் சும்மா ஒரு பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் முதலில் கேட்டது வயதை. புறப்படும் நாளில் பையனுக்கு ஒன்பது மாதமும் மூன்று வாரமும் ஆகியிருக்கும். ஆனால் அவன் ஆறு வாரம் முந்திப் பிறந்தவன். வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த ஆறு வாரத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எட்டு மாதம் தாண்டிய பிள்ளை. தலை நன்றாக நிற்கிறதா, பிடிமானம் இல்லாமல் உட்காருகிறானா என்பதே சுமக்கும் பையில் வைக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும். இரண்டும் சரியாக இருந்தன. எடை 7 கிலோ 600. அவனை வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போய், நெஞ்சு, காது எல்லாம் பார்த்து, போகலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு.

தடுப்பூசி விஷயத்தில் கழிவு எதுவும் கிடையாது, பிறந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குக் காய்ச்சல் வருவதானால் அன்றைக்கே வராது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வரும். "கிளம்புறதுக்கு முந்தின வாரம் போட்டுக்கலாமே சிஸ்டர்" என்றார் தகப்பனார். அப்படிப் போட்டால் காய்ச்சல் நடுவழியில் வரும், பாதுகாப்பும் அதற்குள் முழுதாக வந்திருக்காது. ஒன்பது மாதம் முடிந்த மறுநாளே போட்டுவிட்டோம். புறப்பட இன்னும் 20 நாள் இருந்தது. ஃப்ளூ ஊசியை மருத்துவர் முன்பே தொடங்கிவிட்டார். முதல் முறை போடும் பிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். ஏழு வாரம் இருந்ததால் அதுவும் முடிந்தது.

முதல் ஒத்திகை

"நம்ம ஊர்ல என்ன பெரிய குளிரு" என்று ஐயா கேட்டார். நடக்கிற பெரியவருக்கு நம் ஊர்க் குளிர் ஒன்றுமில்லைதான். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சொன்னவர்கள் பனிமலையைப் பார்த்துச் சொல்லவில்லை. நம் ஊர் விடியற்காலையை வைத்துத்தான் சொன்னார்கள். அதுவும் பையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கணக்கே வேறு. இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்ததால் ஒரு ஒத்திகை வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு, கோவிலூர்ப் பக்கம் ஒரு மணி நேர நடை. தகப்பனார் முன்பக்கம் கட்டும் பையில் பிள்ளையை வைத்துக்கொண்டார். பிள்ளைக்கு ஒரு பருத்திச் சட்டை, அதன்மேல் பஞ்சு அடைத்த கோட்டு, பருத்திக் கால்சட்டை, குட்டைக் காலுறை, மங்கி குல்லா. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கால் மணி நேரத்தில் தகப்பனாருக்கு வியர்த்துவிட்டது. தன் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, "இவனுக்கும் கோட்டைக் கழட்டிடலாம் போல, வெக்கையா இருக்கு" என்றார். கழற்ற வேண்டாம் என்று சொல்லி நடக்கச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் வளவில் விளக்கைப் போட்டுப் பையை அவிழ்த்தோம். பிள்ளையின் மார்பும் வயிறும் தகப்பனாரின் உடம்போடு ஒட்டியிருந்த இடம் ஈரமாக இருந்தது. அது பிள்ளையின் வியர்வை இல்லை, தகப்பனாருடையது. கோட்டின் முன்பக்கத்தைத் தாண்டி உள்சட்டைக்குப் போயிருந்தது. பையில் உட்கார்ந்ததில் கால்சட்டை முழங்கால் வரை ஏறிவிட்டது. காலுறைக்கும் கால்சட்டைக்கும் இடையில் நான்கு விரல் அகலத்துக்குக் கெண்டைக்கால் வெறுமையாகப் பனியில் தொங்கியிருக்கிறது. அந்த இடத்தை ஆச்சியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மண்பானை அடிப்பக்கம் மாதிரி சில்லென்றிருந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை, அப்படியே தேய்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

இந்த ஆய்வில் நான் சொல்ல நினைக்கும் ஒரே விஷயம் இதுதான். நடப்பவரின் உடம்பு அடுப்பு மாதிரி சூடு கிளப்பிக்கொண்டே இருக்கும். சுமக்கப்படும் பிள்ளைக்கு அந்த அடுப்பு கிடையாது. எடைக்கு அதன் தோற்பரப்பு அதிகம், உடம்பு அளவுக்குத் தலையும் பெரியது. ஆகச் சூடு சீக்கிரம் வெளியே போகும். பெரியவருக்கு வெக்கையாக இருக்கிறதே என்று பிள்ளையின் துணியைக் குறைப்பது, தான் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பசி இல்லை என்று சொல்வது போல. ஒவ்வொரு முடிவையும் பிள்ளையின் பிடரியில் கைவைத்துப் பார்த்தே எடுக்க வேண்டும். உள்ளங்கை, பாதம், கன்னம் இதற்கு உதவாது. அவை சும்மாவே குளிர்ந்திருக்கும். பிடரி இளஞ்சூடாகவும் ஈரமில்லாமலும் இருந்தால் போதும்.

துணியும் பையும்

அப்பத்தா தன் பழைய கண்டாங்கிச் சேலையில்தான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்திருந்தார். துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆன சேலை. அவர் மகனும் அதில் தூளி ஆடியவர். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவே பேசியது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பருத்திக்கு ஒரு குணம் உண்டு. ஈரத்தை நன்றாகக் குடிக்கும், குடித்ததைச் சீக்கிரம் விடாது. வெயில் காலத்தில் அதுவே சுகம். பனியில் ஈரப்பருத்தி தோலோடு ஒட்டியிருந்தால் அது காயும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

சேலையை ஒதுக்கவில்லை. தங்கும் இடங்களில் தூளிக்கு என்று முடிவானது. நடக்கும்போது தோலை ஒட்டி ஒரு மெல்லிய கம்பளிப் பனியன், அதன்மேல் ஃப்ளீஸ் துணியில் முழுக்கைச் சட்டை, காற்று அடித்தால் மட்டும் அதற்குமேல் ஒரு காற்றுத்தடுப்பு. முழங்காலுக்கு மேல் வரை ஏறும் காலுறை. பஞ்சுக் கோட்டு வேண்டாம் என்றேன். பைக்குள் அது உப்பி முகத்தை மூடுகிறது. பெரியவர் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூட என்பதுதான் அளவு. அதற்குமேல் போட்டால் வேறு ஆபத்து.

வியர்வைக்கு வழி சொன்னவர் பிள்ளையின் தாய். தகப்பனார் நெஞ்சுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு மெல்லிய துண்டு, முக்கால் மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பதினான்கு துண்டு வாங்கினோம். மொத்த ஏற்பாட்டிலும் விலை குறைந்த பொருள் அதுதான், அதிகம் உதவியதும் அதுதான்.

பையில் வைக்கும் முறையையும் பழகிக்கொண்டார்கள். முகம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும், மோவாய்க்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மோவாய் மார்பில் இடித்தால் மூச்சுக்குழாய் மடங்கும். தொடை விரிந்து முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருப்பது இடுப்பு மூட்டுக்கு நல்லது. சால்வையைத் தலைக்குமேல் போட்டு மூடும் வழக்கத்தை மட்டும் அறவே நிறுத்தச் சொன்னேன். பாதயாத்திரையில் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

மூன்றாவது ஒத்திகை பிள்ளையார்பட்டிச் சாலையில், காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. இந்த முறை நேர் எதிர்: பத்தரைக்கே பிடரி வியர்த்து, முகம் சிவந்துவிட்டது. நம் ஊர்ப் பனிக்காலத்தின் சிக்கலே இதுதான். விடியலில் வெடவெடக்கும், பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். ஒரே உடுப்பில் நாளைக் கடத்த முடியாது. ஒன்பது மணிக்கு ஓர் அடுக்கைக் கழற்றிவிட்டுப் பத்து மணிக்கு நடையையே நிறுத்துவது என்று எழுதிக்கொண்டோம்.

யார், எப்போது, எவ்வளவு

குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி 150 கிலோமீட்டருக்கு மேல். பெரியவர்கள் நடக்கட்டும். பிள்ளை அத்தனை தூரமும் தோளில் போக வேண்டியதில்லை என்று ஆச்சியிடம் சொன்னேன். முதலில் முகம் வாடிவிட்டது. "ஆச்சி, தினமும் கொஞ்ச தூரம் அவனும் நடைதான். மிச்ச தூரத்துக்கு அவனுக்காக நீங்க நடக்கிறீங்க" என்றேன். சரி என்றார்.

ஒரு விதியில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இருட்டில் பிள்ளை சாலைக்கு வராது. நடைப்பயணிகளுக்குக் குளிரைவிடப் பெரிய எமன் வாகனம்தான். பையில் ஒளிரும் பட்டை ஒட்டினாலும் தூக்கக் கலக்கத்தில் வரும் ஓட்டுநரை நம்பி ஒரு பிள்ளையை ஓரத்தில் கொண்டுபோக முடியாது. பெரியவர்கள் இரண்டு, மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார்கள். பிள்ளை வேனில் தூங்கி எழுந்து, பால் குடித்து, ஆறரைக்குத் தகப்பனாரோடு சேர்ந்துகொள்ளும். பத்து மணிக்குள் முடிவு. நாளைக்கு ஆறேழு கிலோமீட்டர், ஏழு நாளில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் பிள்ளையின் பங்கு.

சாப்பாட்டில் பெரிய குழப்பமில்லை. தாய்ப்பால்தான் முக்கியம். அதோடு கேழ்வரகுக் கூழ், மசித்த இட்லி, வாழைப்பழம். கூழைக் காய்ச்சி ஃப்ளாஸ்கில் ஊற்றி எடுத்துப்போகும் பழக்கம் நிறைய வீட்டில் உண்டு. இளஞ்சூட்டில் மணிக்கணக்காக இருக்கும் கூழ் கிருமிக்குத்தான் விருந்து. ஃப்ளாஸ்கில் கொதித்த தண்ணீர் மட்டும் வைத்து, வேனில் சின்ன அடுப்பில் வேளைக்கு வேளை காய்ச்சினார்கள். ஓஆர்எஸ் பொட்டலம், அளவுக்கு ஒரு லிட்டர் பாட்டில், பால் புகட்டும் பாலாடை, தெர்மாமீட்டர், மூக்குச் சொட்டுக்கு உப்புநீர் மருந்து ஒரு டப்பாவில். அன்னதானப் பந்தியில் எது கொடுத்தாலும் பிள்ளை வாயில் வைப்பதில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தோம்.

வேன் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன். அசையாமல் இருக்கும்போது நிமிடத்துக்கு 50 அல்லது அதற்குமேல் மூச்சு, நெஞ்சுக்கூடு உள்வாங்குவது, இரண்டு வேளை பால் மறுப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, அக்குளில் 100.4க்கு மேல் காய்ச்சல், அல்லது 97.7க்குக் கீழ் போய் ஒரு மணி நேரத்தில் ஏறாதது. இதில் ஒன்று இருந்தாலும் யாரையும் கேட்காமல் 108. வேண்டுதல் அங்கேயே முடிந்தது என்று கொள்ள வேண்டும். ஆச்சி அதைப் படித்துவிட்டு, "முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்" என்றார். பாதி பயம் அப்போதே போய்விட்டது எனக்கு.

நத்தம் தாண்டி

முதல் மூன்று நாள் எழுத ஒன்றுமில்லை, எல்லாம் எழுதியபடி நடந்தது. நான்காம் நாள் காலை நத்தம் தாண்டித் திண்டுக்கல் சாலை. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கரந்தமலை. வெயில் வந்த பிறகும் மலைப்பக்கக் காற்று ஈரமாக வீசிக்கொண்டிருந்தது. ஆறரைக்குப் பிள்ளையைப் பையில் வைத்தோம். ஏழேகாலுக்கு நிறுத்தித் துண்டு மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் ஓர் அன்னதானப் பந்தலில் கூட்டம் நெரிந்தது, வேன் அதற்கு அப்பால் போய் நின்றுவிட்டது. அதைத் தாண்டி வந்து சேர ஏழு ஐம்பது ஆகிவிட்டது. எண்பது நிமிடம்.

"இன்னிக்கு ரொம்பச் சமத்து சிஸ்டர், சத்தமே இல்லை" என்றார் தகப்பனார். எனக்குச் சுருக்கென்றது. குளிரும் பிள்ளை அழும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் குளிர்ந்தால் சிணுங்கும், அதற்குமேல் குளிர்ந்தால் அடங்கிவிடும். பிடரியில் கை வைத்தேன், சில்லென்றிருந்தது. டயப்பர் ஓரமாகக் கசிந்து கம்பளிப் பனியனின் கீழ்ப்பாதி முழுக்க நனைந்திருந்தது. தகப்பனார் உடம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு அந்த ஈரம் தெரியவே இல்லை. அக்குளில் தெர்மாமீட்டர் 97.0 காட்டியது.

கூட்டத்தில் ஒருவர் அன்போடு தைலம் நீட்டினார். வேண்டாம் என்றேன். கற்பூரம் கலந்த தைலம் கைக்குழந்தைக்கு வலிப்பு வரை கொண்டுபோகும். வெந்நீர்ப் பையும் வேண்டாம், மெல்லிய தோல் வெந்துவிடும். வேனுக்குள் கதவைச் சாத்தி, ஈரத்துணியெல்லாம் கழற்றி, துடைத்து, புது டயப்பரும் குல்லாவும் காலுறையும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் பிள்ளையைப் படுக்கவைத்தோம். மேலே அந்தக் கண்டாங்கி, அதற்குமேல் கம்பளி.

நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவில் அந்த மூன்று வாரமும் அவர் செய்தது இதைத்தான். கங்காரு முறை என்பார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் கடைசியில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. தாயின் கை தானாக முதுகைத் தாங்கியது, மோவாயைத் தூக்கிவிட்டது. பத்து நிமிடத்தில் பிள்ளை சிணுங்கத் தொடங்கினான். அந்தச் சிணுங்கலைக் கேட்டதும் அப்பத்தா வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபதாவது நிமிடம் பால் குடித்தான். நாற்பதாவது நிமிடம் 98.2.

அன்றும் மறுநாளும் பிள்ளையை நடைக்கு எடுக்கவில்லை.

மொட்டையும் பஞ்சாமிர்தமும்

பழனியில் பூசத்தன்று இருக்கும் நெரிசலில் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம் என்று முன்பே பேசியிருந்தோம். இரண்டு நாள் விடுதியில் தங்கி, கூட்டம் தளர்ந்த பிறகு காலை பத்து மணிக்கு முடி இறக்கினார்கள். விடியற்காலை மொட்டை வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. முடி போன ஈரத்தலையில் குழைத்த சந்தனமும் சேர்ந்தால் குளிர்ச்சி இரட்டிப்பாகும். தலையைத் துடைத்துக் காயவிட்டு, சந்தனத்தை உச்சியில் ஒரு பொட்டு மட்டும் வைத்து, பருத்திக் குல்லா போட்டார்கள். புது பிளேடு கண்ணெதிரே உறை பிரித்ததா என்று தாய் பார்த்துக்கொண்டார். காது குத்துவதை ஒரு வயதுக்குத் தள்ளிவிட்டார்கள். 693 படியும் தகப்பனார் தூக்கிக்கொண்டே ஏறினார், நடுவில் மூன்று துண்டு மாறியது.

கடைசிச் சோதனை கீழே இறங்கிய பிறகு வந்தது. பழனிக்கு வந்து பஞ்சாமிர்தம் நாக்கில் தடவாமல் பிள்ளையைக் கூட்டிப்போவதா? அதில் வாழைப்பழம், சர்க்கரை, நெய், ஏலக்காயோடு தேனும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளியும் ஆகாது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமியின் வித்து, முதிராத குடலில் முளைத்து நஞ்சு சுரந்து, பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். சூடாக்கினாலும் அந்த வித்து சாகாது. வசம்பைத் தேனில் உரைத்து நாக்கில் தடவும் வழக்கமும் இதே காரணத்தால்தான் ஆகாது. நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பத்தா டப்பாவை மூடிவிட்டார். "அடுத்த பூசத்துக்கு வச்சுக்குவோம்" என்றார், பிள்ளையைப் பார்த்து.

மாற்ற வேண்டியவை

ஊர் திரும்பி ஒரு வாரத்தில் எடை 7 கிலோ 700. இரண்டு நாள் மூக்கு ஒழுகியது, தானாக நின்றது.

அடுத்த முறை இப்படிப் போகும் குடும்பத்துக்கு என் ஏற்பாட்டில் நானே திருத்துவது மூன்று. தெர்மாமீட்டரும் ஒரு முழு மாற்றுடுப்பும் இரண்டு துண்டும் தகப்பனார் முதுகுப்பையில் இருக்க வேண்டும். வேனில் வைத்தது என் தவறு. முக்கால் மணிக்கு ஒரு முறை என்று தாளில் எழுதினால் போதாது, கைபேசியில் மணி அடிக்க வேண்டும். வேன் எங்கே நின்றாலும் அந்த மணி அடித்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். நடைப்பொழுதுக்கு டயப்பர் ஓர் அளவு பெரியதாக, இரவு டயப்பராகப் போடலாம். எங்கள் தெருக்கோடியில் இன்னொரு வீட்டில் ஐந்து மாதப் பிள்ளை இருக்கிறது, வரும் தையில் நடக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒத்திகைக்குக் கார்த்திகையிலேயே வரச் சொல்லியிருக்கிறேன். வளவு வீட்டு ஆச்சி அந்தப் பதினான்கு துண்டையும் துவைத்து மடித்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.